வீட்டில் கார்ன் ஸ்நேக்: பயத்தோடு தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஒரே ஒரு பாம்பைப் பற்றியது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சொந்த மண்ணாகக் கொண்ட கார்ன் ஸ்நேக். பிரிட்டனிலும் கனடாவிலும் முதன்முதலாகப் பாம்பு வளர்க்க வருபவர்களில் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். கீழே சொல்லியிருக்கும் அளவுகள் எல்லாம் இதற்கு மட்டுமே பொருந்தும். பால் பைத்தான் (ball python) எனும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகையை வைத்திருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குச் சூடும் ஈரப்பதமும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

பாம்பு பிடிக்கும், ஆனால் பயமும் இருக்கிறது. நான் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். பயம் இருப்பது தடையே இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்களுக்குக் கை நடுங்கத்தான் செய்யும். பயப்படுபவர்கள் செய்யும் உண்மையான தவறு விலகி நிற்பது அல்ல. உயிரோடு இருக்கிறதா, சூடு போதுமா, பசிக்கிறதா என்று நாளுக்குப் பத்து முறை கூண்டைத் திறந்து பார்ப்பதுதான் தவறு. பாம்புக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த அக்கறையிலிருந்தே வருகிறது.

முடிவெடுக்கும் முன் யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 வருடம் வரை வாழும். இன்று ஆசைப்படும் பத்து வயதுப் பிள்ளை கல்லூரி முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும். நாய் போல உங்களைத் தேடி ஓடி வராது. உங்களைக் கண்டு அஞ்சாமல் இருக்கப் பழகும், அவ்வளவுதான். அது போதும் என்று தோன்றினால் தொடங்குங்கள்.

ஏன் கார்ன் ஸ்நேக்கையே சொல்கிறீர்கள்?

விஷம் கிடையாது. நம் ஊர்ச் சாரைப்பாம்பைப் போல எலி தின்று வாழும் பாம்பு. மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். வயிற்றில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சோள முத்துகள் போல இருப்பதால் என்றும் சொல்வார்கள். முழு வளர்ச்சியில் 90 முதல் 150 செ.மீ. நீளம் வரும், இரண்டு விரலைச் சேர்த்தாற்போல் தடிமன் இருக்கும். இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும் வகைதான் என்றாலும் மனிதரை நெரிக்கும் அளவோ பலமோ அதற்கு இல்லை. சாதாரண வீட்டுச் சூட்டைவிடச் சில டிகிரி கூடுதலாக ஒரு மூலை இருந்தால் போதும் என்பதால் பராமரிப்பும் எளிது.

சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா?

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் கார்ன் ஸ்நேக்குக்கு உரிமம் தேவையில்லை. விஷப்பாம்புகளுக்குத்தான் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். கனடாவில் மாநகராட்சிக்கு மாநகராட்சி விதி மாறும், வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் கார்ன் ஸ்நேக் வைப்பதே குற்றம். நியூசிலாந்தில் எந்தப் பாம்பும் கூடாது. சிங்கப்பூரிலும் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை.

இந்தியாவில் நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு உள்ளிட்ட நம் மண்ணின் பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் தண்டனைக்குரியது. வெளிநாட்டுப் பாம்பை முன் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடைத்து வந்த பால் பைத்தான் குட்டிகள் பிடிபட்டது பலமுறை செய்தியானது. அப்படி வருபவை வழியிலேயே சாவதும் உண்டு. அந்தச் சந்தையில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

குட்டியாக வாங்குவதா, வளர்ந்ததா?

பயப்படுபவர்களுக்கு ஒரு வயது தாண்டியதுதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. முட்டையிலிருந்து வந்த குட்டி 25 செ.மீ. அளவில், பென்சில் தடிமனில் இருக்கும். எல்லாவற்றையும் எதிரியாகவே பார்க்கும். சிலிர்த்து ஓடும், வாலை ஆட்டி மிரட்டும், சில குட்டிகள் சாப்பிடவும் அடம்பிடிக்கும். ஒரு வயதுப் பாம்பு மனிதக் கையைப் பார்த்திருக்கும், ஒழுங்காகச் சாப்பிட்ட கணக்கும் இருக்கும்.

மனிதர் கையில் பிறந்து வளர்ந்ததா என்று கேளுங்கள். கடைசி ஐந்து வேளை என்றைக்கு, எந்த அளவு எலி, உறைந்து இளகியதா உயிருள்ளதா என்ற குறிப்பைக் கேளுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். உடல் உருண்டையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். முதுகெலும்பு கூரையின் முகடு போலத் துருத்தினால் மெலிந்திருக்கிறது. கண் தெளிவாக, மூக்கில் குமிழி இல்லாமல், ஆசனத் துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும். கையில் ஓடவிட்ட பிறகு உள்ளங்கையில் மிளகுத்தூள் போல நகரும் புள்ளிகள் தெரிந்தால் அது உண்ணி. அந்தப் பாம்பையும் அதே அலமாரியில் இருக்கும் மற்றதையும் வாங்க வேண்டாம்.

கூண்டு எவ்வளவு பெரிது வேண்டும்?

வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். பாம்பு முழு நீளத்துக்கும் நிமிர்ந்து படுக்க இடம் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. உங்கள் பாம்பு அதைவிட நீண்டால் கூண்டும் நீள வேண்டும். சிறிய பாம்பு பெரிய கூண்டில் மிரளும் என்பார்கள். மிரளுவது இடத்தின் அளவால் அல்ல, வெறுமையால். ஒளியும் இடங்களும் பொய்ச்செடிகளும் மரக்கிளைகளும் நிறைத்துவிட்டால் குட்டிகூட நன்றாகவே இருக்கும்.

ஒளியும் பெட்டி குறைந்தது இரண்டு: ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். ஒன்றே ஒன்று வைத்தால் பாம்பு பாதுகாப்புக்காகச் சூட்டை விட்டுக்கொடுக்கும், அல்லது சூட்டுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும். இரண்டும் அதற்குக் கேடு. பெட்டி விசாலமாக இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தால் உடம்பு சுவர்களில் உரச வேண்டும்.

பூட்டு கட்டாயம். மூடியின் மேல் புத்தகம் வைப்பது பூட்டு அல்ல. தலை நுழையும் இடுக்கில் முழு உடம்பும் நுழையும் என்பதை மனதில் வைத்து, கண்ணாடிக் கதவுகளின் நடுச் சந்து, வயர் போகும் ஓட்டை, காற்றுத் துளை எல்லாவற்றையும் பாருங்கள்.

சூடு எவ்வளவு? எப்படிக் கொடுப்பது?

பாம்பு தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்ச் சரிசெய்துகொள்ளும். அதனால் கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அது சிறை. ஒரு முனையில் பாம்பு படுக்கும் பரப்பு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறு முனை 22 முதல் 25 டிகிரி. இரவில் 20 வரை இறங்கலாம்.

கண்ணாடித் தொட்டி என்றால் அடியில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, வைக்கலாம். தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அது மூட வேண்டும். மரக்கூண்டு என்றால் மேலிருந்து விளக்கோ செராமிக் ஹீட்டரோ. அதற்குக் கம்பிக்கூடு அவசியம். கூடு இல்லாவிட்டால் பாம்பு விளக்கைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும் வரை விடாது. சூட்டை உணர்ந்து உடனே விலகும் வேகம் அதற்கு இல்லை. கல் வடிவில் விற்கும் சூட்டுக்கல் வேண்டவே வேண்டாம்.

எந்த முறையானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் 45 டிகிரியையும் தாண்டும். பாம்புகளுக்கு வரும் வயிற்றுத் தீக்காயங்களில் பல இப்படித்தான் வருகின்றன. மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை, செராமிக்குப் பல்ஸ் வகை, விளக்குக்கு டிம்மிங் வகை என்று மாறும். கடையில் இதைச் சொல்லியே கேளுங்கள்.

அதிகம் தவறுவது தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சார் விஷயத்தில். ஹீட் மேட் என்றால் சென்சார் மேட்டுக்கு நேர்மேலே கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டும். பாம்பு அதைத் தள்ளிக் குளிர்ந்த பக்கம் கொண்டுபோய்விட்டால், இன்னும் சூடாகவில்லை என்று தெர்மோஸ்டாட் நினைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். தண்ணீர் கொட்டி நனைந்தாலும் இதே கதி. ஆகவே அசையாதபடி கேபிள் கிளிப்பால் பொருத்துங்கள். செல்லோடேப் கூண்டுக்குள் எங்குமே கூடாது. பாம்பின் தோல் அதில் ஒட்டிக்கொண்டால் செதில் பிய்ந்து வரும். ஒட்டிவிட்டால் இழுக்காமல், சமையல் எண்ணெய் தடவி, பசை இளகும் வரை பொறுத்துப் பிரியுங்கள்.

மேட்டின் மேல் மரத்தூள் 2, 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தடிமனாகப் போட்டால் மேலே குளிர்ந்தும் அடியில் கொதித்தும் கிடக்கும். பாம்போ துளைத்துக்கொண்டு அடிக்குத்தான் போகும். தெர்மோஸ்டாட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். தனியாக இரண்டு டிஜிட்டல் தெர்மோமீட்டர், முடிந்தால் தொடாமலே சூட்டை அளக்கும் ஒரு இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்து அளந்து பாருங்கள். பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சரிபார்ப்பது நல்லது.

தரையில் என்ன போடுவது? ஈரப்பதம்?

ஆஸ்பென் மரத்தூள் (aspen shavings) நன்றாக இருக்கும், பாம்பு துளைத்து விளையாடும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். நனைந்த இடத்தை அன்றே எடுத்துவிடுங்கள். தேங்காய்த் தும்பு கலந்த மண்ணும் சரி. தேவதாரு, பிசின் மணக்கும் பைன் தூள் கூடாது, அவற்றின் எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும். புதிதாக வந்த பாம்புக்கு முதல் மாதம் வெறும் கிச்சன் டவல் போடலாம். எச்சமும் உண்ணியும் பளிச்சென்று தெரியும்.

ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த பக்கம், பாம்பு சுருண்டு உட்காரும் அளவுக்கு. தினமும் மாற்றுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, வாசனை ஸ்ப்ரே எதுவும் பாம்பு இருக்கும் அறையில் வேண்டாம். அந்துருண்டை பக்கத்து அலமாரியில்கூட இருக்கக் கூடாது. அதன் ஆவி பாம்புக்கு நஞ்சு.

வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் வாரம் என்ன செய்ய?

ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் கடினமான வேலை. பெட்டியோடு கூண்டுக்குள் வைத்துத் திறந்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். ஏழு நாள் தண்ணீர் மாற்றவும் எச்சம் எடுக்கவும் மட்டுமே கை உள்ளே போக வேண்டும். உறவினரை அழைத்துக் காட்டுவதும் கண்ணாடியைத் தட்டுவதும் கூடாது. சிறுபிள்ளைகள் நடமாடும் வீடென்றால் மூன்று பக்கக் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள். ஏழாம் நாள் முதல் வேளை கொடுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று முறை சாப்பிட்ட பிறகுதான் கையில் எடுப்பது.

எப்போது பார்த்தாலும் ஒளிந்தே இருக்கிறது. உடம்பு சரியில்லையா?

ஒளிந்திருக்கும் பாம்பு நன்றாக இருக்கும் பாம்பு. அந்தியிலும் இரவிலும் நடமாடும் உயிரினம் இது, பகலில் தூங்கும். இமை இல்லாததால் கண்ணைத் திறந்தபடியே தூங்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பகல் முழுக்கக் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அலைந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் சூடு அதிகமாகியிருக்கும், அல்லது ஒளிய இடம் போதாது.

எப்படித் தூக்குவது? கை நடுங்குகிறதே.

காட்டில் கார்ன் ஸ்நேக்கின் எதிரிகள் பருந்தும் ஆந்தையும். அவை மேலிருந்து வரும். உங்கள் கையும் மேலிருந்து வந்தால் அதன் உடம்புக்குத் தெரிந்த பதில் ஓட்டம் அல்லது கொத்து. அதனால் எப்போதும் பக்கவாட்டில் இருந்து கையைக் கொண்டுபோங்கள்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலி வாசனையோ சமைத்த கறியின் வாசனையோ இருந்தால் கை என்று நினைக்காது, இரை என்றே நினைக்கும். பிறகு காகிதச் சுருளாலோ பாம்புக் கொக்கியாலோ நடு உடம்பை மெல்ல ஒருமுறை தொடுங்கள். இது சாப்பாட்டு நேரமில்லை என்ற செய்தி அது; சில வாரங்களில் புரிந்துகொள்ளும். அடுத்து, தலைக்குப் போகாமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு கையை அடியில் நுழைத்து, மறுகையால் பின்பாதியைத் தாங்கித் தூக்குங்கள். தயங்கித் தயங்கித் தொட்டுத் தொட்டு எடுப்பதுதான் பாம்பை மிரட்டும். முடிவெடுத்த பின் மெதுவாக ஆனால் நிற்காமல் தூக்குங்கள்.

கையில் வந்ததும் பிடிக்காதீர்கள், மரக்கிளையாக இருங்கள். அது ஒரு கையிலிருந்து மறுகைக்கு ஊர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் முன்னால் கையை நீட்டிக்கொண்டே இருங்கள். தலையையோ வால் நுனியையோ பற்றக் கூடாது. முதல் நாட்களில் ஐந்து நிமிடம், தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்தபடி. உயரத்திலிருந்து விழுந்தால் விலா எலும்பு உடையும். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை, 10, 15 நிமிடம் என்று கூட்டலாம். சாப்பிட்ட 48 மணி நேரத்துக்கும் சட்டை உரிக்கும் நாட்களிலும் விட்டுவிடுங்கள்.

பயம் மிகுதியாக இருந்தால் முதல் சில முறை மெல்லிய துணிக் கையுறை போடலாம். தடித்த தோல் கையுறை வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது.

கழுத்தை ‘எஸ்’ போல மடக்கி, வாலைப் படபடவென அடித்தால் இன்று வேண்டாம் என்று பொருள். நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது கோபமல்ல, மோப்பம்.

கடித்துவிட்டால்?

குட்டி கடித்தால் பல சமயம் ரத்தமே வராது. பெரியது கடித்தால் முள் கீறினாற்போல் வரிசையாகச் சிறு புள்ளிகளும் கொஞ்சம் ரத்தமும். தற்காப்புக்குக் கடித்தால் உடனே விட்டுவிடும். இரை என்று நினைத்துக் கடித்தால் பிடித்துக்கொண்டு சுற்றும். அப்போது கையை இழுக்கவே கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடைந்து வாயில் புண்ணாகும். குளிர்ந்த தண்ணீரை அதன் வாயருகே ஓடவிடுங்கள், விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள். டெட்டனஸ் ஊசி காலாவதியாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கடித்ததற்காகப் பாம்பை உடனே கூண்டுக்குள் வீசிவிடாமல், பதற்றம் தணிந்ததும் மெதுவாக உள்ளே விடுங்கள்.

என்ன சாப்பிடும்? எவ்வளவு?

எலி, அதாவது சுண்டெலி (mouse), முழுசாக. கோழித்துண்டு, மீன், முட்டை எதுவும் ஈடாகாது. எலும்பும் ஈரலும் சேர்ந்த முழு உடலில்தான் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்தும் இருக்கின்றன. பால் வைக்காதீர்கள். அதைச் செரிக்கும் திறன் பாம்புக்கு இல்லை.

எலியின் தடிமன் பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தின் அளவு, அதிகமாகப் போனால் ஒன்றரை மடங்கு. எடைபோட்டுச் செய்வது இன்னும் துல்லியம். சமையலறைத் தராசு ஒன்று பாம்புக்கென்றே வாங்குங்கள். பாம்பு 15 கிராம் வரை இருக்கும்போது 2 கிராம் அளவுள்ள பிங்கி, அதாவது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு, ஐந்தாறு நாளுக்கு ஒன்று. 30 முதல் 50 கிராம் வரை, ரோமம் அரும்பிய ஃபஸ்ஸி. 50 முதல் 90 வரை ஹாப்பர், அதாவது துள்ளித் திரியத் தொடங்கிய இளம் எலி, வாரம் ஒன்று. 170 கிராம் தாண்டினால் 20 முதல் 30 கிராம் உள்ள வளர்ந்த எலி. முழு வளர்ச்சி அடைந்ததும் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். கேட்கும் போதெல்லாம் கொடுத்தால் ஈரலில் கொழுப்பு படியும். வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் உடம்பு புடைத்து, செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் அதிகம் கொடுக்கிறீர்கள்.

உயிருள்ள எலி வேண்டாம். மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறும். உறைந்த எலியை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். கொடுக்கும் முன் ஜிப் பையில் போட்டு 40 டிகிரி வெந்நீரில், பிங்கி என்றால் பத்து நிமிடம், பெரிய எலி என்றால் அரைமணி நேரம். வயிற்றை அமுக்கிப் பாருங்கள், உள்ளே கட்டியாக இருக்கக் கூடாது. மைக்ரோவேவில் வைத்தால் வயிறு வெடிக்கும், பாதி வெந்தும்போகும். துடைத்து, 30 செ.மீ. இடுக்கியால் நடு உடம்பைப் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேரே குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். எடுத்துக்கொண்டதும் நகர்ந்துவிடுங்கள். இளகிய எலியை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

வீட்டு ஃப்ரீசரில் எலி வைக்க அம்மா சம்மதிக்கவில்லையே?

நியாயமான மறுப்பு. சைவம் சமைக்கும் வீட்டில் இது பெரிய சங்கடம். மற்ற வீட்டிலும் உணவோடு சேர்த்து வைப்பது சுகாதாரம் அல்ல. மேசைமேல் வைக்கும் சின்ன ஃப்ரீசர் ஒன்றைக் கழிவறை தாண்டியோ கராஜிலோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டைப் பாம்பு வாங்கும் முன்பே வீட்டாரோடு பேசி முடியுங்கள். இளக வைக்கும் பாத்திரமும் இடுக்கியும் சமையலறைப் பக்கமே வரக் கூடாது.

மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை.

கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, பொறுங்கள். இல்லையென்றால் முதலில் சூடான பக்கத்தை அளந்து பாருங்கள். 25க்குக் கீழே இருந்தால் செரிக்காது என்று அதற்கே தெரியும், தொடாது. எலியின் தலையை மட்டும் இன்னொரு முறை வெந்நீரில் முக்கிச் சூடாக்கிக் கொடுங்கள். இரவில், விளக்கணைத்து, ஒளியும் பெட்டியின் வாசலில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். மறுத்தால் எடுத்து எறிந்துவிட்டு ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி. தினமும் நீட்டினால் எலியைக் கண்டாலே ஒதுங்கும்.

வளர்ந்த ஆண் பாம்புகள் இனப்பெருக்கக் காலமான வசந்தத்தில் ஒன்றிரண்டு மாதம் பட்டினி கிடப்பது வழக்கம். வாரம் ஒருமுறை எடைபோடுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். குட்டி என்றால் அவ்வளவு காத்திருக்க முடியாது. தொடர்ந்து நான்கு வேளை மறுத்தாலே காட்டுங்கள்.

சாப்பிட்டதைக் கக்கிவிட்டது.

இது பட்டினியைவிடக் கவலைக்குரியது. வயிற்று அமிலத்தோடு வெளியே வந்திருக்கிறது, உணவுக்குழாய் புண்பட்டிருக்கும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சாப்பிட்ட உடனே கையில் எடுத்தது, சூடு போதாதது, எலி பெரிதானது. உடனே இன்னொரு எலி கொடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அதையும் கக்கும், ஒவ்வொரு முறையும் பாம்பு தளரும். தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாள் விட்டு, வழக்கத்தில் பாதி அளவு எலி கொடுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்தான்.

சட்டை உரிக்கும்போது உதவ வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். நிறம் மங்கி, கண் பால்நீலமாகும். நான்கைந்து நாளில் தெளியும். தெளிந்த மூன்று நான்கு நாளில் மூக்கிலிருந்து தொடங்கிக் காலுறையைக் கழற்றுவதுபோல் உள்வெளியாகத் திருப்பிக்கொண்டு ஒரே துண்டாகக் கழற்றிவிடும். வளரும் குட்டி ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, வளர்ந்தது வருடத்தில் சில முறை. இந்த நாட்களில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, ஈரம் தாங்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து நிரப்பி உள்ளே வையுங்கள்.

உரித்த சட்டையை விரித்துக் கண்களை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில்கள் இரண்டும் வந்திருக்கின்றனவா, வால் நுனி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வால் நுனியில் வளையமாகத் தங்கினால் ரத்தம் ஓடாமல் நுனி கருகும். துண்டு துண்டாக உரிந்திருந்தால் ஈரம் போதவில்லை. மூடியுள்ள டப்பாவில் 28 டிகிரி தண்ணீரில் நனைத்த துண்டை வைத்து அரைமணி நேரம் பாம்பை விட்டால் அது ஊர்ந்தே கழற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே இருங்கள். கண்ணின் மேல் அந்தச் செதில் தங்கினால் நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீர்கள். கண்ணையே பிடுங்கிவிடக் கூடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கிலோ வாயிலோ குமிழி, விசில் போன்ற சத்தம்: சளிக்காய்ச்சல், தானாகச் சரியாகாது. ஈறு சிவந்து தயிர் போலத் திட்டு: வாய்ப்புண். வயிற்றுச் செதில் பழுப்பேறிக் கொப்புளித்தல்: ஈரத்தில் கிடந்ததோ தீக்காயமோ. தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள்கணக்கில் கிடந்து, அடியில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் உண்ணி. பெண் பாம்பு ஆண் துணை இல்லாமலே முட்டை இடலாம். முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டால் அவசரம்.

நாய் பூனை பார்க்கும் மருத்துவர் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பாம்பு வாங்கும் முன்பே தேடி எண்ணைக் குறித்து வையுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடு. பாதுகாப்பா?

கடிப்பதைவிட சால்மோனெல்லா பற்றியே கவலைப்படுங்கள். ஆரோக்கியமான பாம்பின் எச்சத்திலும் அந்தக் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பாம்பையும் கூண்டையும் தொடாமல் இருப்பதே சரி. தொட்டவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிண்ணங்களைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கழுவாதீர்கள். முத்தம் கொடுத்துப் புகைப்படம் எடுக்க வேண்டாம்.

தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று?

வேண்டாம். கார்ன் ஸ்நேக் தனியே வாழும் பாம்பு. இரண்டைச் சேர்த்தால் சூடான இடத்துக்குப் போட்டி, ஒன்று மெலியும். ஒன்றை ஒன்று விழுங்கியதும் உண்டு.

கூண்டில் காணோம்!

கூண்டுக்குள்ளேயே முதலில் நன்றாகத் தேடுங்கள். மரத்தூளுக்கு அடியில், கிண்ணத்துக்கு அடியில் இருக்கும். இல்லையென்றால் அந்த அறைக் கதவை மூடி, கீழ்ச் சந்தைத் துண்டால் அடையுங்கள். கழிவறை மூடியை மூடுங்கள், வாஷிங் மெஷினை ஓடவிடாதீர்கள், சோபாவில் உட்காராதீர்கள். பாம்பு சுவர் ஓரமாகவே போகும். புத்தக அலமாரி, ஃப்ரிட்ஜின் பின்புறம், ரேடியேட்டர் பக்கம் பாருங்கள். இரவில் சுவர் ஓரங்களில் மாவு தூவி வைத்தால் எந்த அறையில் நடமாடுகிறது என்று தடம் காட்டும். கசங்கும் பிளாஸ்டிக் பைகளைப் பரப்பினால் சலசலப்புக் கேட்கும். தரையில் ஒரு ஒளியும் பெட்டியைத் தெர்மோஸ்டாட்டோடு கூடிய ஹீட் மேட்டின் மேல் வைத்து, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். சில வாரம் கழித்துக்கூடக் கிடைக்கும், நம்பிக்கையை விடாதீர்கள்.

குளிர்காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால்?

வீடு 18 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஓரிரு நாள் தாங்கும். கூண்டைப் போர்வையால் சுற்றுங்கள், காற்றுக்குச் சிறிது இடைவெளி விட்டு. வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கம் வைக்கலாம். மின்சாரம் திரும்பி சூடு நிலைப்படும் வரை சாப்பாடு கூடாது. வயிற்றில் இருக்கும் எலி செரிக்காமல் அழுகும்.

நான்கு வாரம் ஊருக்குப் போகிறோம். பாம்பை என்ன செய்ய?

வளர்ந்த ஆரோக்கியமான பாம்பு நான்கு வாரம் சாப்பாடில்லாமல் தாங்கும். தண்ணீர் இல்லாமல் தாங்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றி, தெர்மோமீட்டரைப் பார்த்து, பூட்டைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். அனுபவமில்லாதவரிடம் எலி கொடுக்கும் பொறுப்பை விடாதீர்கள். புறப்படுவதற்கு ஐந்தாறு நாள் முன்பே கடைசி வேளையை முடித்துவிடுங்கள். குட்டி என்றால் பாம்பு வளர்க்கும் வேறொருவர் வீட்டில் விடுவதே நல்லது.

ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். கார்ன் ஸ்நேக்கைத் தூக்கிப் பழகிய கை, வயலோரத்தில் எந்தப் பாம்பையும் தூக்கத் துணியும். அங்கே நல்லபாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கின்றன. விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கொடிய விஷமுள்ள கட்டுவிரியனும் கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டையோடு பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் இரவில்தான் வரும். பட்டை எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பார்க்கும் தூரமே ஆபத்தான தூரம். ஏழெட்டு அடி தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லச் சொல்லுங்கள்.